தலை திருப்பினால் பலகை

இங்கிலாந்தின் லிங்கன் கோட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மேக்னா கார்ட்டாவைப் பார்க்கத்தான் போகிறார்கள். 1215-ல் ஜான் மன்னன் முத்திரையிட்ட சாசனம்; மிஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் ஒன்று இங்கே, மங்கிய வெளிச்சத்தில் இருக்கிறது. பார்க்க வேண்டியதுதான். ஆனால், லத்தீன் தெரியாதவருக்கு அது ஐந்து நிமிட வேலை. மீதி நேரத்தைச் சிறைக்கு ஒதுக்குங்கள்.

1068-ல் வில்லியம் மன்னன் எழுப்பிய கோட்டை இது. 1848-ல் இதற்குள் புதிய சிறை ஒன்று திறந்தார்கள். கைதிகள் ஒருவரோடு ஒருவர் பழகித்தான் கெட்டுப்போகிறார்கள், தனியே விட்டால் பைபிளைப் படித்துத் திருந்திவிடுவார்கள் என்பது அந்தக் காலத்துச் சீர்திருத்தவாதிகளின் நம்பிக்கை. நல்லெண்ணம்தான், அதுதான் பயமாக இருக்கிறது.

அந்த நம்பிக்கையை மரத்திலேயே செய்து வைத்திருக்கிறார்கள், சிறைத் தேவாலயத்தில். படிப்படியாக உயரும் வரிசைகளில் ஆள் நிற்கிற அளவுக்கு மரக்கூண்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, இருபுறமும் உயரப் பலகை. உள்ளே நின்று பாருங்கள்: தலையைத் திருப்பினால் பலகை. நேரே பார்த்தால் பிரசங்க மேடை மட்டும். பக்கத்தில் மூச்சுவிடுகிறவன் யாரென்று தெரியாது. பிறகு மேடையில் ஏறிப் பாருங்கள். போதகருக்கு மட்டும் அத்தனை முகமும் தெரியும். இத்தனை ஏற்பாட்டோடு கட்டிய சிறை 30 ஆண்டுதான் ஓடியது, 1878-ல் மூடிவிட்டார்கள். தேவாலயம் மட்டும் குலையாமல் நிற்கிறது.

மதில்மேல் ஒரு முழுச் சுற்று வரலாம். கதீட்ரலைப் படமெடுக்க இதைவிட நல்ல இடமில்லை. வடகிழக்கு மூலையில் இருக்கும் காப் ஹால் கோபுரத்தின் உச்சியில்தான் 1859 வரை பகிரங்கமாகத் தூக்கிலிட்டார்கள். வெளியே கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. கழுத்து நெரிபட்டுத் துடிக்காமல் நொடியில் உயிர் போக, ஆளின் எடைக்கேற்பக் கயிற்றை நீளமாக விடும் முறையை வில்லியம் மார்வுட் 1872-ல் முதன்முதலாகச் செய்துகாட்டியதும் இந்தக் கோட்டைக்குள்தான். அவர் செருப்புத் தைப்பவர்.

தூக்கிலிடப்பட்டவர்களில் பலர் லூசி கோபுரத்துக்குள், புல்தரையில் புதைந்திருக்கிறார்கள். கல்லில் முழுப்பெயர்கூடக் கிடையாது, முதலெழுத்துகள்தான்.

கோட்டைக்குள் கிரவுன் கோர்ட் இன்றும் நடக்கிறது. வளாகத்துக்குள் நுழையக் கட்டணமில்லை. மதில், சிறை, சாசனம் மூன்றுக்கும் டிக்கெட் உண்டு. ரயிலடியிலிருந்து வரும் வழியில் ஸ்டீப் ஹில் என்றொரு தெரு இருக்கிறது. முட்டிவலிக்காரர்கள் டாக்ஸி பிடிப்பது உத்தமம்.