கடைசி வருட ப்ராஜெக்ட்: ஆகாயத்துக்கா, அலமாரிக்கா?

2009-ல் வெளியான 'த்ரீ இடியட்ஸ்' இந்திப் படத்தில் ஒரு மாணவருக்கு ப்ராஜெக்ட்டை முடிக்கக் கூடுதல் அவகாசம் கிடைப்பதில்லை. அவர் அரைகுறையாக விட்ட பறக்கும் கருவியை நண்பர்கள் சரிசெய்து மேலே அனுப்ப, அதன் கேமரா காட்டுவது அவருடைய பிணத்தை.

அந்தக் காட்சியில் பறந்தது நிஜக் கருவி. மும்பை ஐஐடியில் படித்த இளைஞர்கள் 2007-ல் துவக்கிய ஐடியாஃபோர்ஜ் நிறுவனத்தின் தயாரிப்பு. பின்னர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவுடன் சேர்ந்து 'நேத்ரா' என்ற ஆளில்லா விமானத்தை உருவாக்கிய இந்த நிறுவனத்தின் பங்குகள் 2023 ஜூலையில் சந்தைக்கு வந்தன.

எல்லா மாணவர் கருவிகளுக்கும் இந்த யோகம் இல்லை. ஜனவரி பிறந்துவிட்டால் சென்னை, பெங்களூர், ஹைதராபாத் நகரங்களின் 'ப்ராஜெக்ட் சென்டர்'களில் கூட்டம் சேர்கிறது. பணம் கட்டினால் சர்க்யூட், அறிக்கை, வாய்மொழித் தேர்வுக்கான பதில்கள் எல்லாம் தயார். குடிபோதை டிரைவரைக் கண்டுபிடிக்கும் கருவி, பார்வையற்றோருக்கான மின்னணுக் கைத்தடி என்று வருடா வருடம் புது அட்டை போட்ட பழைய சரக்கு. மார்க் வந்துவிடுகிறது. வேலைக்கான உத்தரவோ பலருக்கு அதற்கு முன்பே வந்தாயிற்று. யார் கவலைப்படப் போகிறார்கள்?

சிலர் கவலைப்பட்டிருக்கிறார்கள். கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சில் 1977-லேயே மாணவர் ப்ராஜெக்ட்களுக்குப் பண உதவி செய்யும் திட்டத்தைத் துவக்கியது. பெங்களூர், ஹைதராபாத் நகரங்களின் ஏழு கல்லூரி மாணவர்கள் செய்த, ஒரு கிலோவுக்கும் குறைவான எடையுள்ள 'ஸ்டட்சாட்' 2010 ஜூலை 12-ல் பிஎஸ்எல்வி ராக்கெட்டில் விண்ணுக்குப் போனது.

உண்மையான எதிரி பணமல்ல, காலண்டர்தான். ஒரு நல்ல யோசனை இரண்டு செமஸ்டரில் பொருளாகிவிடாது. மும்பை ஐஐடி மாணவர்கள் 2007-ல் துவக்கிய 'பிரதம்' செயற்கைக்கோள் ஏவப்பட்டது 2016 செப்டம்பர் 26-ல். துவக்கியவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டார்கள். ஜூனியர்கள் விடவில்லை, அவர்களின் ஜூனியர்களும் விடவில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் இந்தக் கைமாற்றல் நடப்பதே இல்லை. முந்தைய பேட்ச் எங்கே தடுக்கி விழுந்தது என்பதுகூட அடுத்த பேட்சுக்குத் தெரியாது.

கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணத்தை மத்திய அரசு 2021-ல் 80 சதவீதம் குறைத்தது. ஆனால் விண்ணப்பிக்க முதலில் சொந்தச் சரக்கு வேண்டுமே. துறை அலமாரியில் இடம் தீர்ந்ததும், தங்க எழுத்து பொறித்த அறிக்கைகள் எடைக்குப் போகின்றன.