அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்

சென்ற கல்வியாண்டில் நமது அறக்கட்டளை வெளியிட்ட கல்வி உதவித்தொகை நோட்டீஸ் பலருக்கு நினைவிருக்கும். விண்ணப்பிக்கக் கடைசித் தேதியை அடிவிளிம்பில் போட்டிருந்தோம். கட்டுக்கட்டாக அச்சாகி வந்தபோது அந்த வரியின் கீழ்ப்பாதியைக் காணோம். இளைஞர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து பேனாவால் தேதி எழுதினார்கள். அதற்குள் சில கட்டுகள் பக்கத்து மஹல்லாக்களுக்குப் போய்விட்டன. தேதி தெரியாமல் இரண்டு பிள்ளைகள் காலம் கடந்து வந்து நின்றார்கள். அச்சகத்தார் மீது குற்றமில்லை. நாம் கொடுத்த ஃபைலே சரியில்லை.

இப்போது நம் பிள்ளைகள் கைபேசியிலேயே அழகாக வடிவமைத்துத் தருகிறார்கள். அவர்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் உதவட்டும் என்று, அச்சகத்தில் கேட்டறிந்ததை எழுதுகிறோம்.

அச்சான தாள்களை அடுக்கி வைத்து, கட்டிங் மெஷினில் மொத்தமாக வெட்டுகிறார்கள். வெட்டு ஒரு மில்லிமீட்டர் இப்படியும் அப்படியும் போகத்தான் செய்யும். ஆகவே பின்னணி வண்ணத்தை நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நீட்டி வைக்க வேண்டும். இதை பிளீட் என்கிறார்கள். ஏ4 நோட்டீஸ் 210 x 297 மி.மீ. என்றால் ஃபைல் 216 x 303 மி.மீ. இருக்க வேண்டும். எழுத்துகளோ வெட்டுக் கோட்டிலிருந்து குறைந்தது 5 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். இந்தக் கணக்கு நமக்குத் தெரியாமல் போனதால்தான் அந்தத் தேதி போயிற்று.

படங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வேண்டும். ஏ4 முழுப் படத்துக்கு ஏறத்தாழ 2480 x 3508 பிக்சல். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடுகிறது. பிடிஎஃப் ஆக்கி, டாக்குமென்டாக அனுப்புங்கள்.

திரையில் தெரிவது ஒளி. தாளில் விழுவது மை. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியில் காட்டுவதை அச்சு இயந்திரம் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் கொண்டுவர வேண்டும். நமக்கோ பச்சை இல்லாமல் நோட்டீஸே கிடையாது! திரையில் பளிச்சிடும் பச்சை தாளில் மங்கித்தான் வரும். வண்ணத்தை ‘சிஎம்ஒய்கே’ முறையில் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம் குறையும். சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை ஒன்றே போதும். நான்கு மையும் கலந்த கறுப்பு என்றால், பிளேட் சற்று நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் தெரியும்.

அதிகத் தொல்லை தருவது எழுத்துருதான். பாமினியில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக மாறிவிடும். அரபியில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. வலமிருந்து இடமாக எழுதும் முறையை அறியாத மென்பொருளில் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். அரபி தெரியாதவர் கண்ணுக்கு அதுவும் அரபியாகவே தோன்றும். திருவசனம் அப்படி அச்சாகிவிட்டால் என்ன செய்வது? ஆகவே பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருக்களை அதனுள் பதிக்க வேண்டும். அல்லது எழுத்துகளைக் கோட்டு வடிவமாக, ‘கர்வ்’ ஆக மாற்ற வேண்டும். மாற்றிய பின் எழுத்துப் பிழை திருத்த முடியாது. பிழை பார்த்துவிட்டே மாற்றுங்கள். மூல ஃபைலைத் தனியாக வைத்திருங்கள்.

கடைசியாக, பிழை பார்ப்பதைத் திரையில் செய்யாதீர்கள். அதே அளவில் ஒரு தாள் பிரின்ட் எடுத்து, அரபியை ஆலிம் ஒருவரிடமும், தேதியையும் தொலைபேசி எண்ணையும் வடிவமைக்காத வேறொருவரிடமும் காட்டுங்கள். பிளேட் போட்ட பிறகு ஓர் எழுத்தைத் திருத்தினாலும் புதுப் பிளேட்டுக்குச் செலவு; அந்தப் பணம் மக்கள் நம்மிடம் ஒப்படைத்த அமானத்.

இன்ஷா அல்லாஹ், இந்த ஆண்டு உதவித்தொகை நோட்டீஸ் விரைவில் அச்சுக்குப் போகிறது. கடைசித் தேதியைத் தலைப்புக்கு அடியிலேயே பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறோம்.