மறதிநோய் உள்ளவர் வீட்டில் சித்திரைத் திருவிழா

சித்திரை பிறந்துவிட்டால் மதுரை வீடுகளில் விருந்தாளிகள் நிறைந்துவிடுவார்கள். டிமென்ஷியா எனும் மறதிநோய் உள்ள பெரியவருக்கு அந்தக் கலகலப்பே மிரட்சி தரலாம். 2023இல் வெளியான ஆய்வு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கிறது. அவர்களை ஒதுக்கி வைக்காமலும் வருத்தாமலும் விழாவில் சேர்த்துக்கொள்ள முடியும். விழாவை அவர்கள் தாங்கும் அளவுக்குச் சுருக்கினால் போதும்.

கூட்டமும் வெயிலும்

ஊருக்குள் வரும் கள்ளழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை மூன்றுமாவடியில் தொடங்கித் தல்லாகுளம் வரை, இரவு வரை நீளும். அதற்கு அவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். பொழுது சாயும்போது மறதிநோயாளிகள் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். ஆற்றங்கரையும் வேண்டாம். 2022இல் அழகர் வைகை ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் சிக்கி இருவர் இறந்தார்கள். திடமானவர்களே தடுமாறும் இடம் அது. 2020இல் ஊரடங்கின்போது மீனாட்சி திருக்கல்யாணத்தை எல்லோரும் வீட்டிலிருந்தே நேரலையில் பார்த்தோம். இவர்களுக்கு இன்றும் அதுவே நல்லது. அழகர் ஆற்றில் இறங்குவது அதிகாலை என்பதால், தூங்கி எழுந்த தெளிவோடு பார்ப்பார்கள். சத்தத்தை மட்டும் குறைத்து வையுங்கள்.

வெளியே போயே தீரவேண்டுமென்றால், சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். அன்று எடுத்த அவருடைய படம் உங்கள் கைபேசியில் இருக்கட்டும். தாகம் எடுத்தாலும் அவருக்குக் கேட்கத் தெரியாமல் போகலாம். அடிக்கடி தண்ணீரோ நீர்மோரோ கொடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் பானகம் வேண்டாம்.

கைக்குப் பழகிய வேலை

காலையில் சாப்பிட்டதை மறப்பவர்கள்கூட, இளவயதிலிருந்து ஆண்டுதோறும் செய்ததை எளிதில் மறப்பதில்லை. அழகரை வரவேற்கச் சூடம் ஏற்றும் செம்பில் சர்க்கரையை நிரப்பச் சொல்லுங்கள். கை தானாக அள்ளிப் போடும். சூடம் ஏற்றுவதை மட்டும் நீங்கள் செய்யுங்கள். பூக்கட்டலாம், வெற்றிலை அடுக்கலாம். சரியாக வராவிட்டாலும் திருத்தாதீர்கள்.

முறுக்கு, சீடை போன்றவை தொண்டையில் சிக்கலாம். விழுங்கச் சிரமப்படுபவருக்கு மென்மையான பலகாரமே கொடுங்கள். மாத்திரை நேரம் விழாவுக்காக மாறக்கூடாது.

“என்னையத் தெரியுதா?”

வந்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில் தெரியாமல் விழிப்பது அவருக்கு அவமானம். “அப்பத்தா, நான் உங்க மூத்த மகன் வீட்டுப் பேரன் வந்திருக்கேன்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

திருக்கல்யாணத்தன்று சுமங்கலிகள் புது மஞ்சள் கயிறு மாற்றுவார்கள். கணவரை இழந்த அம்மா அதைப் பார்த்து, “அப்பா எங்கே?” என்று கேட்கலாம். “அவர் போய் பத்து வருஷமாச்சேம்மா” என்றால் அந்த மரணச் செய்தியை அவர் இன்றுதான் கேட்கிறார், துக்கமும் புதிது. “அப்பாவுக்கு எதிர்சேவைன்னா ரொம்ப இஷ்டம்ல?” என்று பேச்சை அப்பாவைப் பற்றிய நினைவுக்குத் திருப்புங்கள். அம்மா பூவும் மஞ்சளும் கேட்டால் கொடுங்கள். சடங்கைவிட அவர் மனம் பெரிது.

எப்போது மருத்துவரிடம்?

இருந்தாற்போலிருந்து ஓரிரு நாளில் குழப்பம் மிகுந்தால், விழா அலைச்சல்தான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். நீரிழப்போ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மறதி இன்னதென்று கண்டறிய மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல், மனநலப் பிரிவுகளை அணுகலாம். முதியோர் உதவிக்கு 14567 என்ற தேசிய எண் உண்டு.

பார்த்துக்கொள்பவருக்கும் திருவிழா வேண்டும்

பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான் வருடம் முழுக்க இரவும் பகலும் கூடவே இருக்கிறார். விருந்தாளிகள் வந்தால் அவருக்குச் சமையலும் சேர்ந்துகொள்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் நலம் விசாரிப்பதோடு நிறுத்தாமல் ஒரு நாள் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். மாத்திரை, சாப்பாடு, கழிப்பறை நேரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, “நான் இருக்கேன், நீ போயி அழகரைப் பார்த்துட்டு வா” என்று அவரை அனுப்பிவையுங்கள்.