பங்காளி வண்டிகள்
பழசும் ஓடும் – 9

சென்ற வாரம் அம்பாசடர் பற்றிப் பார்த்தோம். 2014 வரை தயாரிப்பில் இருந்த கார். பாகம் தேடுவது பெரும்பாடு இல்லை. ஆனால், கம்பெனியே மூடிப்போன காருக்கு எங்கே போவது? சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஹெரால்டை இன்றும் ஓட்டுகிறவர்களின் கவலை இது.

பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் 'ஹெரால்டுக்கு இருக்கா?' என்று மட்டும் கேட்டால், உதட்டைப் பிதுக்கிவிடுவார்கள். வண்டியின் பங்காளிகள் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும். 1961இல் இங்கே வந்த ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ஃப் கம்பெனி வடிவமைத்தது. அதே அடிப்படையில் உருவான ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் அங்கே 1980 வரை வந்தது. அதைப் பராமரிப்பவர்கள் ஏராளம் என்பதால் முன்பக்க சஸ்பென்ஷன் பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஹெரால்டுக்கும் அவற்றில் பல பொருந்தும்.

அதில் முக்கியமானது ட்ரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது வெண்கல ட்ரன்னியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரைதான் சுழலும். இதற்குக் கிரீஸ் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஆயில் வற்றினால் தண்டு துருவேறித் தேய்ந்து, ஒருநாள் ஒடிந்து, சக்கரம் மடங்கிவிடும். எனவே, ட்ரன்னியனை மட்டும் மாற்றினால் போதாது. தண்டின் மரையைத் துடைத்துப் பார்த்து, அரிப்பு தெரிந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். இடப்பக்கத்து ட்ரன்னியன் வலப்பக்கத்துக்கு ஆகாது. இரண்டின் மரையும் எதிரெதிர்த் திசை.

பங்காளி என்றாலும் எல்லாம் ஒத்துப்போகாது. ஹெரால்டின் வாரிசான கெஸல் காருக்கு இங்கேயே பின்பக்க ஆக்ஸிலை மாற்றிவிட்டார்கள். ஹெரால்டின் பின்பக்கப் பாகத்தை நம்பி வாங்கினால் காசு போச்சு.

இந்த உறவு எதிர்த்திசையிலும் வேலை செய்திருக்கிறது. 1985இல் ஸ்டாண்டர்டு கம்பெனி, இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 உடலுக்குள் தன் பழைய 2 லிட்டர் இன்ஜினைப் பொருத்தி 'ஸ்டாண்டர்டு 2000' என்று விற்றது. விலையும் அதிகம், பெட்ரோலையும் குடித்தது. 1988க்குள் கதை முடிந்தது. 2006இல் ஆலையின் சொத்துகள் விற்பனைக்கு வந்தபோது, பிரிக்காத எஸ்டி1 பாகங்கள் குவியலாகக் கிடந்தன. அவற்றில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு போனது ரிம்மர் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம். நம்மிடம் விலைபோகாத வண்டியின் பாகங்கள், அங்கே ரோவர் பிரியர்களுக்குக் கைகொடுத்தன.

ஆகவே கடைக்குப் போகும் முன், வண்டியின் பூர்வீகத்தை விசாரியுங்கள். பழைய பாகத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றியதைத் தூக்கி எறியவும் வேண்டாம். பங்காளிகளும் கைவிட்டால் அதுதான் மாதிரி. அதை வைத்து லேத் பட்டறையில் எதைக் கடையலாம், எதைக் கடையவே கூடாது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)