இருபத்தொன்று என்கிற எண்

64 ஜிபி மெமரி உள்ள ஒரு சர்வர். அதில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு 48 ஜிபி கொடுத்திருக்கிறார்கள். மீதியில் இன்னும் சில ஜிபி சும்மாவே கிடக்கிறது. அப்படியிருந்தும் லினக்ஸ், டேட்டாபேஸின் பக்கங்களை எடுத்து வட்டில் உள்ள ஸ்வாப்புக்குத் தள்ளுகிறது. நொடிக்குள் முடிய வேண்டிய கேள்விகள் இழுத்தடிக்கின்றன. இந்தப் புதிரோடு மல்லுக்கட்டியவர்கள் அன்று ஏராளம். 2010-இல் மைஎஸ்க்யூஎல் வல்லுநர் ஜெரமி கோல் இதன் காரணத்தை விரிவாக எழுதினார். டேட்டாபேஸில் பிழை இல்லை. சர்வரின் உடலமைப்பே மாறிப்போயிருந்தது.

முன்பெல்லாம் பெரும்பாலான பல புராசஸர் சர்வர்களில் எல்லாப் புராசஸர்களும் ஒரே பாதை வழியாக ஒரே மெமரியைத் தொட்டன. புராசஸர்கள் கூடக்கூட அந்தப் பாதையில் நெரிசல் கூடியது. 2003-இல் வந்த ஆப்டெரானில் ஏஎம்டி, மெமரியை இயக்கும் சுற்றைப் புராசஸருக்குள்ளேயே வைத்தது. சில ஆண்டுகள் கழித்து நெஹலம் தலைமுறையில் இன்டெலும் அந்த வழிக்கு வந்தது. அதன்பின் இரண்டு சாக்கெட் சர்வர் என்றால் மெமரியும் இரண்டு பங்குதான். ஒவ்வொரு பங்கும் ஒரு புராசஸரை ஒட்டி இருக்கும். அடுத்த சாக்கெட்டின் மெமரியையும் படிக்கலாம், எழுதலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பைக் கடந்து போய்வர வேண்டும். இந்த அமைப்புக்கு நியூமா என்று பெயர். ஒவ்வொரு பங்கும் ஒரு நோடு.

கடந்து போவதில் என்ன பெரிய நஷ்டம்? 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் கோர் ஒன்று, பக்கத்து மெமரிக்காக 100 நானோ நொடி காத்திருந்தால் அதற்குள் 300 துடிப்புகள் வீணாகின்றன. தூரத்து மெமரி என்றால் அந்தக் காத்திருப்பு ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு.

லினக்ஸ் மெமரியை ஒதுக்கும் விதிதான் அடுத்த முடிச்சு. ஒரு நிரல் இடம் கேட்ட உடனே இடம் கிடைப்பதில்லை. அந்தப் பக்கத்தை எந்தத் திரெட் முதலில் தொடுகிறதோ, அது அப்போது எந்த நோடில் ஓடுகிறதோ, அங்கேயே இடம் விழும். பெரும்பாலான நிரல்களுக்கு இது நல்ல விதி. ஆனால் டேட்டாபேஸ் கிளம்பும்போது ஒரே திரெட் 48 ஜிபியையும் தொட்டுத் தயார் செய்தால்? முதல் நோடின் 32 ஜிபி முழுக்க நிரம்பி, மிச்சம் மட்டும் அடுத்த நோடுக்கு வழியும். பிறகு முதல் நோடிலேயே இடம் வேண்டும் என்ற தேவை எழும்போது, அடுத்த நோடில் காலியிடம் இருந்தாலும் கெர்னல் இங்கே இருப்பதை ஸ்வாப்புக்குத் தள்ளிவிடும். கோல் சொன்ன மருந்து எளிது: நியூமாசிடிஎல் கட்டளையின் இன்டர்லீவ் முறையில் டேட்டாபேஸைத் தொடங்கினால் பக்கங்கள் இரு நோடுகளிலும் மாறிமாறி விழும். பிற்பாடு மைஎஸ்க்யூஎல் 5.7-இல் இதற்கென்றே ஓர் அமைப்பு இடம்பெற்றது.

அதே கட்டளையிடம் சர்வரின் அமைப்பைக் கேட்டால், கடைசியில் ஒரு சின்ன அட்டவணை வரும். தன் நோடுக்குத் தூரம் 10, அடுத்த நோடுக்கு 21 என்று பல இரண்டு சாக்கெட் சர்வர்கள் சொல்லும். இது அளந்து பார்த்த எண் அல்ல. தயாரிப்பாளர் ஃபர்ம்வேரில் எழுதி வைத்தது. இதை நம்பித்தான் லினக்ஸ் ஒரு முக்கிய முடிவை எடுத்துவந்தது. தூரம் 20-ஐத் தாண்டினால், 'அடுத்த நோடுக்குப் போகாதே, இங்கேயே பழைய பக்கங்களைக் கழித்து இடம் உண்டாக்கு' என்னும் ஸோன் ரீக்ளெய்ம் அமைப்பைத் தானாகவே இயக்கிக்கொண்டது. 21 என்பது 20-ஐவிட ஒன்றே ஒன்று கூடுதல். மாபெரும் கணினிகளை மனதில் வைத்துப் போட்ட எல்லைக்கோட்டில் சாதாரணச் சர்வர்கள் மாட்டிக்கொண்டன. கோப்புகளைக் கேஷில் வைத்துப் பிழைக்கும் அஞ்சல் சர்வர்களில் பாதி மெமரி பயனில்லாமல் கிடந்தது. 2011-இல் எல்லையை 30-க்கு உயர்த்தினார்கள். 2014-இல், 3.16 பதிப்பில், அந்த அமைப்பையே இயல்பாக அணைத்துவிட்டார்கள். ஆனால் யாரோ எப்போதோ எழுதிவைத்த கட்டமைப்புக் கோப்பு இன்றும் அதை இயக்கிக்கொண்டிருக்கலாம். புதிதாக ஒரு சர்வர் கைக்கு வந்தால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

மெமரி ஒரு பக்கம் இருக்க, வேலையே இடம் மாறுவது இன்னொரு பிரச்சினை. ஒரு கோரில் கூட்டம் சேர்ந்தால் ஷெட்யூலர் சில வேலைகளை வேறு கோருக்கு அனுப்பும். கடந்த அரை மில்லிநொடிக்குள் ஓடிய வேலை என்றால் அதன் தரவு கேஷில் இன்னும் சூடாக இருக்கும் என்று கருதி, அதை நகர்த்தத் தயங்கும். இந்த அளவைப் பத்து மடங்காக்கிப் பார்த்த போஸ்ட்கிரெஸ் நிர்வாகிகள் உண்டு. ஷெட்யூலரின் தயக்கமே தவறாகவும் முடியலாம். யூரோசிஸ் 2016 மாநாட்டில் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது: பழைய நோடின் கேஷை விட மனமில்லாமல், விழித்தெழும் திரெட்டை நெரிசலான கோரிலேயே ஷெட்யூலர் உட்கார வைத்தது, அடுத்த நோடுகளில் கோர்கள் சும்மா இருந்தன. இப்படிப்பட்ட பிழைகளால் வணிக டேட்டாபேஸ் ஒன்று 14 முதல் 23 சதவீதம் வரை வேகம் இழந்தது.

ஆகவே சிலர் டாஸ்க்செட் கட்டளையால் வேலையைக் குறிப்பிட்ட கோர்களில் கட்டிப்போடுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வேலையை இப்படி இடம் மாற்றிக் கட்டினால் அதன் மெமரி பழைய நோடிலேயே தங்கிவிடும்; ஒவ்வொரு படிப்பும் தூரப்பயணம் ஆகும். கோரையும் மெமரியையும் சேர்த்தே கட்ட வேண்டும். அதிலும் 'இந்த நோடில் மட்டும்' என்று கறாராகக் கட்டுவதைவிட, 'முடிந்தவரை இந்த நோடில்' என்பது பெரும்பாலும் பாதுகாப்பானது. கறாராகக் கட்டிய நோடு நிரம்பினால், பக்கத்தில் எவ்வளவு இடம் இருந்தாலும் கெர்னல் அந்த வேலையைக் கொன்றுவிடக்கூடும். 2013-இல் லினக்ஸ் 3.8 பதிப்பில் வந்த தானியங்கி நியூமா சமநிலைப்படுத்தல், எந்தத் திரெட் எந்தப் பக்கத்தைத் தொடுகிறது என்று வேவுபார்த்து இரண்டையும் ஒன்றுசேர்க்க முயல்கிறது. அந்த வேவுக்கும் செலவு உண்டு. பெரிய டேட்டாபேஸ்களில் அதை அணைத்தும் இயக்கியும் உண்மையான சுமையோடு அளந்து பார்ப்பதே சரி.

நியூமாஸ்டாட் கட்டளை, கேட்ட நோடில் இடம் கிடைக்காமல் வேறு நோடுக்குப் போன பக்கங்களை எண்ணிக் காட்டும். அந்த எண் வேகமாக ஏறினால் இடஒதுக்கீட்டில் கோளாறு. ஒற்றைச் சாக்கெட் சர்வர் வைத்திருப்பவர்களும் இதைப் பார்க்க வேண்டும்: ஏஎம்டியின் எபிக் புராசஸர்களில், பயாஸ் அமைப்பு ஒன்றை மாற்றினால் ஒரே சாக்கெட் நான்கு நோடுகளாகப் பிரிந்து நிற்கும்.