சாப்பாட்டுக் கடைக்கு இலை வாழை

கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் மதியச் சாப்பாடு என்றால் வாழை இலைதான் மரபு. மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டவை. இலை பயிரிடுவோருக்கு இது சாதகமே.

ஆனால் ஒரு சிக்கல். ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவிலிலும் ஆவணித் தவசுக்குக் கரிவலத்திலும் கூட்டம் கூடும்போது கடைக்காரருக்கு இலை கூடுதலாக வேண்டும். அதே மாதங்களில்தான் மேற்கு மலைக் காற்று இலையை நார் நாராகக் கிழிக்கிறது. கிழிந்த இலையில் ரசம் நிற்குமா? கடைக்காரர் ரகத்தின் பெயரைக் கேட்பதில்லை, கிழிசலைத்தான் பார்ப்பார்.

எனவே மேற்கு வரப்பில் அகத்தியை இரண்டு வரிசை நெருக்கி விதைக்க வேண்டும். தையில் விதைத்துத் தண்ணீர் காட்டினால் ஆடிக்குள் ஆள் உயரம் தாண்டிவிடும். கீரையும் ஆட்டுத் தழையும் தனி வரவு.

இலைக்குப் பூவன், மொந்தன் ஏற்றவை. தாருக்கு விட்ட வாழையில் இலை அறுத்தால் காய் திரளாது. ஐந்து சென்ட் ஆனாலும் இலைக்கெனத் தனியே ஒதுக்குவது நலம்.

இலைப்புள்ளி நோய் கண்டால் பழத்தோட்டத்துக்குரிய பூசணக்கொல்லியை இலைத் தோட்டத்தில் அடித்து அறுத்துவிடக் கூடாது. சுடுசோறு நேரே அந்த இலையில்தான் விழுகிறது. சில மருந்துகள் இலைக்குள் ஊடுருவி நிற்பவை. தண்ணீர் தெளித்துத் துடைத்தால் போகாது. புள்ளி விழுந்த இலைகளை அறுத்து எரித்து, நெருக்கத்தைக் குறைத்து, தேங்கும் நீரை வடித்துவிட வேண்டும்.

விடியற்காலையில் அறுத்து, நிழலில் ஈரச்சாக்கு மூடி வைத்து, வெயில் ஏறுமுன் கடையில் சேர்க்கவும்.