ஆளில்லா நேரத்தில் நிறையும் வீட்டு நூலகம்

இணையத்தில் ஏறிய நூல் என்றும் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை உறுதியற்றது என்பதை, 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாட்கள் முடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் உணர்த்தியது. எண்ணற்ற தமிழ் நூல்களின் மின்படிகளும் அத்தளத்தில்தான் உள்ளன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அழிந்ததைத் தமிழர் மறக்கவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் இலங்கையில் தொடங்கிய நூலகம் திட்டமும் பொதுவில் வைத்துள்ள தமிழ் நூல்களின் மின்படிகள் பல வீடுகளிலும் இருந்தால்தான் அவற்றின் பாதுகாப்பு உறுதிப்படும். அதற்கு ஏற்ற கருவி வலைச் சேமிப்பகம். 'நாஸ்' எனப்படும் இது, ஒன்றோ பலவோ வன்தட்டுகளைக் கொண்டு ரூட்டருடன் கம்பி வழியே இணைந்து, கணினி அணைந்திருக்கும்போதும் தானாகவே கோப்புகளை இறக்கி வைக்கும் சிறு கணினியாகும்.

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மாணிக்கவாசகருக்குக் கோயில் உள்ள அடி அண்ணாமலையை எடுத்துக்கொண்டால், பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கானோர் நடந்து செல்லும்போது அருகிலுள்ள சில செல்பேசிக் கோபுரங்களின் அலைத்திறனை அனைவரும் பங்கிட நேர்வதால், கைப்பேசி இணையத்தை நம்பிப் பெருங்கோப்புகளை இறக்குவது கடினம். ஃபைபர் இணைப்பு இந்நெரிசலிலிருந்து பெரிதும் விலகி நிற்கிறது. நொடிக்கு 100 மெகாபிட் வேகம் என்றால், ஒரு பைட்டுக்கு 8 பிட் என்ற கணக்கில் நொடிக்கு 12.5 மெகாபைட் வரும். குறையாத வேகத்தில் 50 கிகாபைட் இறங்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். மாணிக்கவாசகரின் திருவாசகம் முழுவதும் எழுத்து வடிவில் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும் என்றாலும், பழம்பதிப்புகளின் பக்கங்களை அப்படியே படமெடுத்த ஒரு நூல் நூறு மெகாபைட்டைக்கூடத் தாண்டலாம் என்பதால் இரவு நேரப் பதிவிறக்கம் தேவையாகிறது.

இடையில் மின்சாரம் போனால் என்னாகும் என்பதே முதன்மையான கேள்வி. சாதாரணப் பதிவிறக்கத்தில், கோப்பு எந்தப் பைட்டு வரை வந்தது என்பதைக் கருவி நினைவில் வைத்து, மிச்சத்தை மட்டும் சேவையகத்திடம் கேட்கும். சேவையகம் அதை அனுமதிக்காவிட்டால் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். 2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டாரண்ட் முறையில் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் 'ஹாஷ்' எனப்படும் கணித அடையாளம் முன்கூட்டியே குறிக்கப்படுகிறது. வந்த துண்டின் அடையாளம் பொருந்தாவிட்டால் அத்துண்டு மட்டும் மீண்டும் பெறப்படுவதால், பலமுறை அறுந்த பதிவிறக்கமும் பிழையின்றி முடிகிறது. இறக்கியவர் அதே துண்டுகளைப் பிறருக்கும் வழங்குவார் என்பது இம்முறையின் அழகு.

ஆயினும் வன்தட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் துண்டிக்கப்படுவது கோப்பு அமைப்பையே சிதைக்கக்கூடும். ஆகவே மின்கலத்திலிருந்து சிறிது நேரம் மின்சாரம் தரும் யூபிஎஸ் நாஸுக்கு அவசியம். அதை யூஎஸ்பி கம்பியால் நாஸோடு இணைத்தால், மின்கலம் தீரும் முன் கருவி தானே முறைப்படி அணையும். ஃபைபர் மோடத்தையும் ரூட்டரையும் அதே யூபிஎஸ்ஸில் சேர்க்காவிட்டால் நாஸ் விழித்திருந்தும் பயனில்லை. மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும் அமைப்பை முடுக்கி வைப்பதும், ரூட்டரில் நாஸுக்கு மாறாத முகவரி ஒதுக்குவதும் பலர் மறக்கும் பணிகள்.

இரு தட்டுகளில் ஒரே தரவை எழுதும் 'ரெய்டு 1' முறை, ஒரு தட்டு பழுதானாலும் தரவைக் காக்கும். ஆனால் தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பை இரண்டிலுமே அழிக்கும். எனவே தனியாக ஒரு வெளித்தட்டில் படி வைப்பது கட்டாயம். 2022 ஜனவரியில் பரவிய டெட்போல்ட் என்ற மிரட்டல் நிரல், இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்கப்பட்ட நாஸ்களைத்தான் குறிவைத்துக் கோப்புகளைப் பூட்டியது; வெளியிலிருந்து அணுகும் வசதி தேவையில்லாதோர் அதை மூடிவைப்பதே நலம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களையும் உரிமம் திறந்த ஆக்கங்களையும் மட்டுமே இவ்வாறு சேர்க்க வேண்டும். செலவு அஞ்சத்தக்கதன்று: 20 வாட் எடுக்கும் நாஸ் இரவும் பகலும் இயங்கினாலும் இரு மாதங்களுக்கு ஏறத்தாழ 29 யூனிட்டுகளே ஆகும்; தமிழ்நாட்டில் வீடுகளுக்கு அதே காலத்தில் 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது.